ஆனை நிற்கும் நேரம்

காலையில் ஒரு திருகாணி விழுந்துவிட்டது. மூக்குத்தித் திருகாணி அளவுகூட இல்லை, கடுகில் பாதி இருக்கும். மடக்குப் பூதக்கண்ணாடியையும் அதன் உறையையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது அதுதான். நாற்பது வருஷம் இருந்த இடத்தில் இருந்துவிட்டு, இன்றைக்கு ஏனோ கழன்று, மேசையில் ஒரு குதி குதித்து, தரையில் எங்கோ போய்விட்டது. எங்கள் வீட்டில் மொசைக் தரை. கறுப்பு, பழுப்பு, மஞ்சள் என்று விழுந்ததையெல்லாம் தன் நிறமாக்கிக்கொள்ளும் தரை.

முட்டி போட்டுத் தேடினேன். பொடியைத் தேடப் பூதக்கண்ணாடி வேண்டும். அந்தப் பூதக்கண்ணாடிதான் இரண்டு துண்டாகக் கையில் இருக்கிறது. இழுப்பறையைத் திறந்து மாமாவின் ஐ கிளாஸை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டேன்.

மாமா கடையில் இப்படிப் பொடி விழுந்தால் ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு போவார். கடிகார ஆணிகளில் முக்கால்வாசி எஃகு, ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். என் திருகாணி பித்தளை. பித்தளை காந்தத்துக்கு மசியாது. வெள்ளியும் மசியாது. அதனால்தான் காசு விற்க வருகிறவன் எதிரில் முதலில் காந்தத்தை எடுத்து வைப்பார்கள். ஒட்டினால் பேச்சு முடிந்தது. ஒட்டாவிட்டாலும் வெள்ளி என்று அர்த்தமில்லை, பேச்சு தொடரலாம், அவ்வளவுதான்.

திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் மாமாவின் கடிகாரக் கடை இருந்தது. கடை என்பது பெரிய வார்த்தை. மூன்றடி அகலம், ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் மாமா. கிழக்குப் பார்த்த வாசல். காலை பத்து மணி வரை வெயில் சாய்வாக அவர் கைமேல் விழும். அதற்கப்புறம் எதிர்க்கடையின் தகரக் கூரை மறைத்துவிடும். நுணுக்கமான வேலையையெல்லாம் பத்துக்குள் முடித்துவிடுவார். பத்துக்கு மேல் பில் எழுதுவார், பேசுவார், டீ குடிப்பார்.

அவர் ஐ கிளாஸ் கறுப்பு, வாய் அகன்ற சின்னப் புனல் மாதிரி. கண் குழியில் இடுக்கிக்கொள்வதுதான் முறை. ஆனால் மாமா அதை ஒரு கம்பிச் சுருளில் மாட்டித் தலையைச் சுற்றி வைத்திருந்தார். ஆள் வந்தால் நெற்றிக்கு ஏற்றுவார். நெற்றியில் மூன்றாவது கண்ணோடு அவர் விலை சொல்லும்போது யாரும் பேரம் பேசிப் பார்த்ததில்லை.

கிராமத்திலிருந்து வருகிறவர்கள் சில சமயம் பழைய காசைக் கூலியாகக் கொடுப்பார்கள். அதையெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைப்பார். ஓட்டைக் காலணா, விக்டோரியா தலை போட்ட அரைக்காலணா, ஆறாம் ஜார்ஜ் கால் ரூபாய். கோடை விடுமுறையில் நான் கடைக்குப் போனால் பாட்டிலை என் முன்னால் கவிழ்த்துவிட்டு, பழைய ஐ கிளாஸ் ஒன்றையும் கொடுப்பார். அப்போது எனக்குப் பத்து வயது.

கொடுத்த முதல் நாளே தப்பாகப் பிடித்தேன். சினிமாவில் துப்பறிகிறவர் கையை நீட்டிக் கண்ணாடியைக் கால்தடத்துக்கு மேல் பிடிப்பாரே, அந்த மாதிரி. மாமா பார்த்துவிட்டுத் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

“கண்ணாடியக் காசுகிட்ட கொண்டு போகாதடா. கண்ணாடி கண்ணோட இருக்கணும். காசத்தான் கண்ணாடிகிட்ட கூட்டிட்டு வரணும்.”

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முழுப் பாடமும் இதுதான். முழங்கையை மேசையில் ஊன்று, கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டு, காசைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டு வா. ஒரு இடத்தில் திடீரென்று தெளியும். அங்கே நிறுத்தி, காசை மெதுவாகச் சாய். வெளிச்சம் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போக வேண்டும். நேர் மேலேயிருந்து விழுகிற வெளிச்சத்தில் காசு வெறும் தகடாகிவிடும். சாய்வெயிலில்தான் எழுத்து எழுந்து நிற்கும்.

பிறகு அந்தக் கதையைச் சொன்னார். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டிக்கொண்டு டெல்லியில் தர்பார் நடத்தினார். அவர் தலை போட்ட முதல் ரூபாய் அந்த ஆண்டு வெளிவந்தது. ராஜா போட்டிருக்கும் அங்கியில், மார்பருகே, ஒரு சின்ன ஆனை உண்டு. ஆனைக்குத் தும்பிக்கை குட்டையாகவும் கால் கட்டையாகவும் விழுந்துவிட்டது. பார்த்தவர்கள் பன்றி என்றார்கள். முஸ்லிம்கள் நடுவே பெரிய அதிருப்தி. அரசு அந்த ரூபாயைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன. 1912-லிருந்து தும்பிக்கையைச் சரியாக நீட்டி, ஆனையை ஆனையாக்கி வெளியிட்டார்கள்.

“பன்னி ரூபா ஒண்ணு கெடச்சா ஆயிரம் ரூபாடா” என்றார் மாமா. எங்கள் வீட்டு வாடகை அப்போது முப்பத்தைந்து.

அந்தக் கோடை முழுக்க நான் ஐந்தாம் ஜார்ஜின் மார்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்த ஒவ்வொரு வெள்ளி ரூபாயிலும் ஆனை. நல்ல ஆனை, தேய்ந்த ஆனை, தும்பிக்கை மட்டும் மிஞ்சிய ஆனை. ஒரு பன்றிகூட வரவில்லை. சில வருஷம் கழித்து, காலேஜில் படிக்கும்போதுதான், இதற்குப் பூதக்கண்ணாடியே வேண்டாம் என்று தெரிந்தது. ரூபாயைத் திருப்பி ஆண்டைப் பார்த்தால் போதும். 1911 என்றால் பன்றி. மற்றதெல்லாம் ஆனை. வெறுங்கண்ணுக்கே தெரியும். நேராக மாமாவிடம் போய்க் கேட்டேன்.

ஐ கிளாஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார். “வருஷத்தப் பாத்தா போதும்னு சொல்லியிருந்தா, நீ கடையில அஞ்சு நிமிஷம் உக்காந்திருப்பியா?”

அதுவும் சரிதான். அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒரு சிக்கல் வந்திருந்ததால் அவரோடு சண்டை போடத் தோன்றவில்லை. அப்பாயியின் ரூபாய்தான் அந்தச் சிக்கல்.

அப்பாயி புதுக்கோட்டைப் பக்கம். அவள் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, அதற்குக் கீழே காசு. புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு நாலைந்து இருந்தன. புளியங்கொட்டையைவிடச் சிறிசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று இருக்கும். நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு அந்தக் காசையும் கொடுப்பார்களாம். அரிசி வாங்கிய கதையை அப்பாயி நூறு தடவை சொல்லியிருக்கிறாள், காசைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. அதே ஊர்ப் பக்கம் 1898-இல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். தங்கமாக மதிப்புண்டு, காசாக மதிப்பில்லை என்று அறிவிக்கும் வெட்டாக இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்பாயியின் ரூபாயிலும் ஒரு வடு இருந்தது, வேறு மாதிரி.

தாத்தா அந்த ரூபாயைக் கோட்டுக்குப் பொத்தானாகப் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் அது ஒரு மோஸ்தர். ரூபாயின் பின்பக்கம் ஒரு காது பற்றவைத்துச் சட்டையில் கோத்துக்கொள்வார்கள். தாத்தா போனபிறகு அப்பாயி காதைப் பிடுங்கிவிட்டு ரூபாயைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். காது போன இடத்தில் பற்றாசு மேடாக நின்றுவிட்டது. அது நின்ற இடம் ஆண்டின் கடைசி இலக்கம். ஒன்று, ஒன்பது, ஒன்று, அப்புறம் ஒரு கட்டி.

ஆக ஆண்டு சொல்லாது. ஆனைதான் சொல்ல வேண்டும்.

ஆனையும் சொல்லாது. ஒரு தீபாவளிக்கு முதல் நாள் அம்மா குத்துவிளக்கு, சொம்போடு சேர்த்து அந்த ரூபாயையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். புளி செய்த கெடுதி பாதி, அதோடு சேர்த்த செங்கல் தூள் செய்தது மீதி. காசு பளபளவென்று வந்தது. ராஜாவின் மீசை போய்விட்டது. அங்கியில் ஆனை இருந்த இடத்தில் நாலு காலுக்கு இரண்டு கால், முதுகு, முன்னால் மூக்கா தும்பிக்கையா என்று சொல்ல முடியாத ஒரு சின்னக் கூர். நான் அழுதேன். அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை. “சுத்தமாத்தானேடா இருக்கு” என்றாள். நாணயம் சேர்க்கிறவர்களிடம் கேளுங்கள், ஆளுக்கு ஒரு புளிக்கதை வைத்திருப்பார்கள். காசின் மேல் படிந்த நிறம் அழுக்கில்லை, அதைத் தொடாதே என்பது இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் நஷ்டப்பட்டுக் கற்கும் விஷயம்.

அப்பாயியிடமே கேட்டேன், அது ஆனையா பன்றியா என்று. “என்ன எழவோ, ரூபா ரூபாதானே” என்றாள்.

அன்றிலிருந்து கைக்கு ஒரு புதுக் கண்ணாடி வந்தால் முதலில் அதன் கீழே போவது அந்த ரூபாய்தான். பழைய பூதக்கண்ணாடி சேர்க்கிறவர் என்று என்னைச் சொல்கிறார்கள். பதினேழு இருக்கிறது இப்போது. சேர்த்தேனா, தேடிக்கொண்டே போனதில் சேர்ந்துவிட்டதா என்று எனக்கே தெரியவில்லை.

கரூரிலிருந்து வந்தது பிக் கிளாஸ். பெரியப்பா மகன், அண்ணன், அங்கே ஒரு ஜவுளிக் கம்பெனியில் துணி சோதிக்கிற வேலையில் இருந்தார். ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணும் கண்ணாடி அது. பித்தளையில் மூன்று மடிப்பு. விரித்தால் குட்டி மேசை மாதிரி நிற்கும், கீழே ஒரு அங்குலச் சதுர ஜன்னல், மேலே கண்ணாடி. உயரம் ஏற்கெனவே சரியாக வைத்திருப்பதால் கையை ஆட்டவே வேண்டாம், காசை ஜன்னலுக்குள் வைத்துவிட்டுக் குனிந்தால் போதும். நடுக்கம் வந்த கைக்கு இதைவிட நல்ல கண்ணாடி கிடையாது. ஒரு குறை, அதன் தோளே வெளிச்சத்தை மறைக்கும். திறந்த பக்கத்தை ஜன்னல் பார்த்துத் திருப்பிவைக்கத் தெரிய வேண்டும்.

அண்ணன் வீட்டுக்குப் போனபோது அமராவதி ஆற்றில் மணலைச் சலித்து அரிக்கிறவர்களைப் பார்த்தேன். வெள்ளம் வடிந்தால் வருவார்கள். தங்கப் பொடி, உடைந்த மணி, செம்புக் காசு, எது கிடைத்தாலும். அவர்களில் ஒருவர் உள்ளங்கையில் ஒரு சதுரச் செம்புத் துண்டைக் காட்டினார். பல்லி முட்டை ஓடு மாதிரி இடம் இடமாகப் பச்சை. பிக் கிளாஸை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வில்லும் அம்பும். சேரர் காசு. மறுபக்கம் திருப்பினேன். ஆனை. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில், இரண்டாயிரம் வருஷம் ஆற்றில் கிடந்தபிறகும், தும்பிக்கையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆனை.

அந்த ஆனையை வெட்டியவன் தினமும் ஆனையைப் பார்த்தவனாக இருந்திருப்பான். ஜார்ஜின் உருவத்தைச் செய்த மெக்கென்னல் ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் பேர் வாங்கிய சிற்பி. ராஜா முகத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனைதான் அவரைக் கைவிட்டுவிட்டது.

சங்க காலக் காசு என்று ஒன்று உண்டா என்றே சந்தேகப்பட்டவர்கள் இருந்த காலம் அது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் காசை வெளியிட்ட பிறகு பேச்சு மாறியது. அந்த மாதிரி எழுத்தெல்லாம் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் உயரம். செம்பும் களிம்பும் கலந்த பரப்பில் ஒரு கோடு எழுத்தா கீறலா என்று தீர்மானிக்க ஒருவர் எத்தனை காலை வெளிச்சம் செலவழித்திருப்பார் என்று நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவருக்காவது பதில் கிடைத்தது.

கண்ணாடி எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதில் விற்கிறவர்கள் சொல்வதை நம்பக்கூடாது. நானே அளந்துகொள்வேன். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, கண்ணாடியை அதற்கு முன்னால் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் ஜன்னலும் தென்னை மரமும் தலைகீழாகத் தாளில் வந்து நிற்கும். கண்ணாடிக்கும் தாளுக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, இருபத்தைந்தை அதால் வகுக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் என்றால் ஐந்து மடங்கு. இரண்டரை என்றால் பத்து. மாமாவின் ஐ கிளாஸ் ஏழரை, ஆக மூன்று மடங்கும் கொஞ்சமும். அதை வைத்துக்கொண்டுதான் ஒரு தலைமுறைக்குத் திருச்சியில் நேரத்தைச் சரிசெய்தார். இப்போது ‘முப்பது மடங்கு’ என்று பொறித்து வருகிற பளபளப்பான சின்னக் கண்ணாடிகளை அளந்தால் பலது பத்தைத் தாண்டுவதில்லை. கைப்பிடி வைத்த பெரிய கண்ணாடி பார்க்கக் கம்பீரமாக இருக்கும், இரண்டு மடங்கு, மிஞ்சினால் இரண்டரை. கண்ணாடி பெரிதாகப் பெரிதாகப் பெருக்கம் குறையும். இதை நம்ப மறுத்து என்னோடு மணிக்கணக்கில் வாதாடிய நண்பர்கள் உண்டு.

அந்தப் பெரிய கண்ணாடியில் எனக்கு ஒன்று கர்ணம் வீட்டு ஏலத்தில் கிடைத்தது. கறுத்த கொம்புக் கைப்பிடி, பித்தளை வளையம். காசுக்கு அது உதவாது. ஆனால் ஒருமுறை அதை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுக் கும்பகோணம் போய்விட்டேன். வந்து பார்த்தால் தினசரி காலண்டரில் அரைவட்டமாக ஒரு கருகல். வெயில் நகர நகர நெருப்பும் நகர்ந்திருக்கிறது. திரைச்சீலை நாலு விரல் தள்ளி இருந்ததால் வீடு தப்பியது. அன்றிலிருந்து அது துணிப்பையில்தான் தூங்குகிறது.

இன்றைக்குத் திருகாணியை உதிர்த்த மடக்குக் கண்ணாடி மூர் மார்க்கெட்டில் வாங்கியது. 1983, ஒரு நேர்முகத் தேர்வுக்காக மெட்ராஸ் போயிருந்தேன். வேலை கிடைக்கவில்லை. ரயிலுக்கு நேரம் இருந்தது, சென்ட்ரலுக்குப் பக்கத்தில்தானே என்று உள்ளே நுழைந்தேன். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டில் கிளி, டாக்டர்கள் போட்ட ஸ்டெதாஸ்கோப். ஒரு தட்டில் ஊசி நூலோடு கலந்து இது கிடந்தது.

“ஜெர்மன் சார், ஒரிஜினல் ஜெர்மன்” என்றார் கடைக்காரர்.

உறையில் பாஷ் அண்ட் லாம், ராச்செஸ்டர், நியூயார்க் என்று பொறித்திருந்தது. பேசாமல் நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். பிறகு படித்தபோது, ஜெர்மனியிலிருந்து பிழைக்கப் போன பாஷும் லாமும் 1853-இல் ராச்செஸ்டரில் தொடங்கிய கம்பெனி என்று தெரிந்தது. கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. இரண்டே வருஷத்தில், 1985-இல், மூர் மார்க்கெட் எரிந்துபோனது. பேப்பரில் படம் பார்த்த அன்று, அந்தத் தட்டில் நான் எடுக்காமல் விட்ட மற்ற கண்ணாடிகள்தான் நினைவுக்கு வந்தன. மனிதர்கள் அல்லவா முதலில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

பத்து மடங்கு அது. மூன்று கண்ணாடித் துண்டுகளை ஒன்றாக ஒட்டிச் செய்தது. ஒற்றைக் கண்ணாடியில் பார்த்தால் காசின் ஓரம் வளையும், எழுத்துக்கு நீலமும் ஆரஞ்சுமாகக் கரை கட்டும். இதில் விளிம்பு வரை நேராக, நிறமில்லாமல் நிற்கும். விக்டோரியா ரூபாயில் புள்ளி எண்ண இதைப் போல வேறில்லை. 1862 என்று பொறித்த ரூபாயை 1874 வரை அதே ஆண்டு போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய் நாணயச்சாலையில் மட்டும் எந்த வருஷத்தது என்று தங்களுக்குத் தெரிய, ஆண்டுக்குக் கீழே பொடிப் புள்ளிகள் வைத்தார்கள். எறும்புக் கால் மாதிரி. முதன்முதலில் அவற்றை எண்ணிய அன்று, அடுத்தவர் கணக்கு நோட்டைத் திருட்டுத்தனமாகப் புரட்டுகிற மாதிரி இருந்தது. இப்போது நம் சில்லறையிலும் அந்தப் பழக்கம் இருக்கிறது. ஆண்டுக்குக் கீழே வைரக்கட்டம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, ஒன்றுமில்லாவிட்டால் கொல்கத்தா.

வயதானால் கண்ணாடிக்கும் புரை விழும். அந்தக் காலத்தில் துண்டுகளை ஒட்டிய பசை, கனடா நாட்டு மரத்துப் பிசின். வருஷம் ஆக ஆக ஓரத்தில் மஞ்சளித்து, சில சமயம் விட்டுக்கொடுத்து, உள்ளே பெரணி இலை மாதிரி விரியும். அதற்கு வைத்தியம் எனக்குத் தெரியாது. மழைக்காலத்தில் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி ஓடும். அதற்குத் தெரியும்: காற்றோட்டம், டப்பாவில் ஒரு சிலிக்கா பொட்டலம், துடைக்கப் பல தடவை வெளுத்த பழைய வேட்டித் துணி. முதலில் ஊத வேண்டும், பிறகு துடைக்க வேண்டும். தூசியோடு துடைத்தால் அம்மாவின் செங்கல் தூள் கதைதான்.

மாமா கடைசிக் காலத்தில் கடையை மூடிவிட்டார். பேட்டரி கடிகாரம் வந்தபிறகு ரிப்பேருக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். கடையில் மிஞ்சியதில் எனக்கு ஐ கிளாஸையும் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் கொடுத்தார். கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். நான் அப்பாயியின் ரூபாயைக் கையில் வைத்தேன். பார்க்கவில்லை. கட்டைவிரலால் ராஜாவின் மார்பைத் தடவினார், ரொம்ப நேரம்.

“ஆனைதான்” என்றார்.

“எப்படி மாமா?”

“பன்னின்னு சொன்னா நீ தேடறத விட்டுருவியே.”

அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

“என்னங்க, இன்னும் தரையிலயா உக்காந்திருக்கீங்க?” துடைப்பத்தோடு வந்து நின்றாள் வீட்டுக்காரி. அறையை ஓரத்திலிருந்து நடுவுக்குப் பெருக்கினாள். நாற்பது நிமிஷம் நான் தேடிய இடத்தை அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். அள்ளியதில் கொஞ்சத்தை உள்ளங்கையில் பரப்பி நீட்டினாள். “இதுல ஒண்ணா பாருங்க.”

ஐ கிளாஸை இறக்கினேன். ஒரு கடுகு. புடவையிலிருந்து உதிர்ந்த ஒரு மணி. பேனா முனையில் இருக்கிற குண்டு மாதிரி ஒன்று, அது என்னவென்றே தெரியவில்லை. அப்புறம், தலையில் ஒரு கோடோடு, பித்தளை.

மாமாவின் ட்வீசரில் எடுத்து, மாமாவின் ஸ்குரூ டிரைவரில் ஒன்றரைச் சுற்று முடுக்கினேன். கண்ணாடி உறைக்குள் போய் வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் இறுக்கமாக. இழுப்பறையில் கீழ்த்தட்டு, பருத்தித் துணி, அதற்குள் ரூபாய். மணி ஒன்பதே முக்கால். எங்கள் வீட்டு ஜன்னலும் கிழக்குப் பார்த்ததுதான். இன்னும் கால் மணி நேரம் வெளிச்சம் சாய்வாக இருக்கும்.